புயலுக்கு முன் சர்வர் தானாக அணையும்படி அமைப்பது எப்படி?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் பராமரித்துவந்த ஒரு சிறு அலுவலகத்தின் சர்வர், மின்தடையின்போது பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் யுபிஎஸ் கருவியின் பேட்டரி தீரும்வரை ஓடி, எழுதிக்கொண்டிருந்த தரவு பாதியில் இருக்கும்போதே நின்றுபோனது. மின்சாரம் திரும்பியபின் கணக்குத் தரவுத்தளம் திறக்கவில்லை. யுபிஎஸ் நமக்குத் தருவது சில நிமிடங்கள்தாம். அதற்குள் சர்வரை முறையாக அணைக்கும் வேலையை மென்பொருளிடம் ஒப்படைப்பதே நல்லது. லினக்ஸ் சர்வரும் யுஎஸ்பி வழியே தகவல் தரும் யுபிஎஸ்ஸும் இருந்தால் இதைச் செய்யலாம்.

முதல் படி: பேட்டரி தாங்கும் நேரத்தை அளத்தல்

12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 84 வாட்-மணி ஆற்றல் இருக்கும். 100 வாட் சுமைக்கு இது ஐம்பது நிமிடம் வரும் என்று கணக்கு சொன்னாலும், வேகமாக மின்சாரம் எடுக்கும்போது அதில் பாதி கிடைத்தாலே பெரிது. நம் கடற்கரைப் பகுதியின் வெப்பத்தில் பழைய பேட்டரி இன்னும் குறைவாகவே தாங்கும். ஆகவே, சர்வருக்குப் பதிலாக அதே அளவு வாட் கொண்ட குண்டு பல்பை யுபிஎஸ்ஸில் மாட்டி, சுவர் இணைப்பைப் பிடுங்கி, அது அணையும்வரை கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சர்வரை முறையாக அணைக்க எவ்வளவு நேரமாகிறது என்பதையும் தனியே அளந்துவையுங்கள்.

இரண்டாம் படி: நட் மென்பொருளை நிறுவுதல்

யுபிஎஸ்ஸைக் கண்காணித்து, தேவைப்படும்போது சர்வரை அணைக்கும் நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்ற மென்பொருளின் சுருக்கமே நட். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் அதே பெயரில் தொகுப்பு கிடைக்கிறது. யுபிஎஸ்ஸுடன் பேச உதவும் டிரைவராகப் பல யுஎஸ்பி யுபிஎஸ்களுக்கு யுஎஸ்பிஹெச்ஐடி-யுபிஎஸ் பொருந்தும். நிறுவியபின், யுபிஎஸ்ஸின் நிலையைக் காட்டும் யுபிஎஸ்சி கட்டளையை இயக்கினால் நிலை ஓஎல் (சுவர் மின்சாரத்தில் ஓடுகிறது) என்று வர வேண்டும். சுவர் இணைப்பைப் பிடுங்கினால் ஓபி (பேட்டரியில் ஓடுகிறது) என்றும், பேட்டரி தாழ்ந்ததும் எல்பி என்றும் மாற வேண்டும். இம்மாற்றம் தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

மூன்றாம் படி: அணைக்கும் நேரத்தைத் தீர்மானித்தல்

இயல்பாக நட், எல்பி வரும்வரை காத்திருக்கும். பேட்டரி பழையதானால் எல்பி அறிவிப்பு வந்த சில நொடிகளிலேயே யுபிஎஸ் அணைந்துவிடக்கூடும் என்பதால், அதை நம்பியிருப்பதை நான் விரும்புவதில்லை. நட்டின் நேரக் கணக்குப் பகுதியான யுபிஎஸ்ஷெட் வழியாக ஒரு டைமர் அமையுங்கள்: மின்சாரம் போனதும் ஐந்து நிமிட எண்ணிக்கை தொடங்கட்டும், இடையில் திரும்பினால் ரத்தாகட்டும், திரும்பாவிட்டால் அணைக்கட்டும். அணைக்கும்போது சாதாரண ஷட்டவுன் கட்டளையைத் தராமல், நட்டின் கண்காணிப்புப் பகுதியான யுபிஎஸ்மான் கட்டளையின் எஃப்எஸ்டி (கட்டாயமாக அணைத்தல்) வசதியைப் பயன்படுத்துவது முக்கியம். அப்போதுதான் சர்வர் அணைந்தபின் யுபிஎஸ்ஸும் தன் வெளியீட்டைத் துண்டிக்கும். துண்டிக்காவிட்டால், பேட்டரியில் மிச்சமிருக்கும்போதே மின்சாரம் திரும்பினால் சர்வர் மின்தடையையே உணராது, தானாக எழாது.

சர்வரின் அடிப்படை அமைப்புகளைக் கொண்ட பயாஸில், மின்சாரம் திரும்பியதும் இயங்கும் அமைப்பை இயக்கிவைத்து, யுபிஎஸ் தன் மின்சாரத்தைத் திரும்பத் தரும் முன் சில நிமிடம் தாமதிக்குமாறு அமைக்க முடிந்தால் செய்துவிடுங்கள். புயல் ஓய்ந்தபின் மின்சாரம் வந்து வந்து போவது நமக்குப் பழகியதே.

நான்காம் படி: மற்ற கணினிகள்

அதே யுபிஎஸ்ஸில் வேறு கணினிகளும் இருந்தால், அவற்றில் நட்டை, வேறொரு கணினி தரும் யுபிஎஸ் தகவலைக் கேட்டு நடக்கும் நெட்கிளையன்ட் முறையில் அமைத்து 3493-ஆம் நெட்வொர்க் போர்ட் வழியே, யுபிஎஸ்ஸுடன் நேரடியாக இணைந்த முதன்மை சர்வருடன் இணையுங்கள். அவை முதலில் அணையும், முதன்மை சர்வர் இறுதியில் அணையும். ஆனால் நெட்வொர்க் சுவிட்சும் யுபிஎஸ்ஸில் இருந்தால்தான் அணையச் சொல்லும் செய்தி அவற்றுக்குப் போய்ச்சேரும். இதை மறப்பவர்கள் மிகப் பலர்.

இறுதியாக, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன், காப்புப் பிரதி எடுத்தபின், அலுவலக நேரம் முடிந்த ஒரு மாலையில் சுவர் இணைப்பை உண்மையாகவே பிடுங்கி முழுச் சோதனையும் நடத்துங்கள். பேட்டரி மாற்றிய தேதியை யுபிஎஸ்ஸின் மேலேயே ஒட்டிவைத்து, சர்வரையும் யுபிஎஸ்ஸையும் தரையிலிருந்து உயர்த்தி மேசைமேல் வையுங்கள்.