மதுரைக் கல்யாணத்துக்குச் சுங்குடி அங்கி: மணப்பெண்ணுக்கும் உடன் நிற்பவர்களுக்கும்

என் தங்கை கல்யாணத்துக்கு மதுரை போனபோது முன்பக்கம் திறந்து இடுப்பில் கயிறு கட்டும் எட்டு சாட்டின் அங்கிகளைப் பெட்டியில் கொண்டுபோனோம். ரோஜா நிறம், முழங்காலுக்கு மேலே நிற்கும் நீளம். முகூர்த்தப் புடவை கட்டுவதற்கு முன், தலை அலங்காரம் நடக்கும்போது எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி போட்டுக்கொண்டு படம் எடுப்பதாகத் திட்டம். திருமங்கலத்திலிருந்து வந்த சித்தி மகள்கள் இரண்டு பேரும் அதைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் கழற்றி வைத்துவிட்டார்கள். வாசலில் மாமாக்கள் நடமாடுகிறார்கள், படம் எடுப்பவரும் ஆண். படத்தில் ஆறு பேர்தான் நிற்கிறார்கள். எப்போது பார்த்தாலும் அந்த இரண்டு பேர் இல்லாததுதான் முதலில் என் கண்ணில் படுகிறது.

அதனால் நீளத்தையும் துணியையும் வெளிநாட்டிலிருந்து வருகிற பெண்களின் வசதிக்குத் தீர்மானிக்காதீர்கள். ஊரிலிருக்கும் பெண்களிடம் முதலில் கேளுங்கள். கணுக்கால் வரை நீளம், முக்கால் கை, நன்றாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூடும் முன்பக்கம் என்றால் யாருக்கும் கூச்சம் இருக்காது. அடுத்த முறை பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு அப்படித்தான் செய்தோம். மதுரையிலேயே சுங்குடித் துணியில் தைத்தோம். எல்லாரும் போட்டார்கள்.

சுங்குடி மதுரையின் சொந்தச் சரக்கு. சௌராஷ்டிர சமூகத்தார் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்து உருவாக்கிய பருத்தித் துணி, 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. இப்போது அச்சில் புள்ளி போட்டதும் சுங்குடி என்ற பெயரிலேயே விற்கிறது. முடிச்சுப் போட்டதில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது, முடிச்சிருந்த இடம் லேசாகச் சுருங்கித் தடவினால் கைக்குத் தெரியும். அங்கிக்கு அச்சுச் சுங்குடியே போதும் என்பது என் எண்ணம், அதில் எட்டுப் பேருக்கும் ஒரே நிறம் கிடைப்பது சுலபம். மணப்பெண்ணுக்கு மட்டும் முடிச்சுச் சுங்குடி எடுத்தால் அவள் தனித்துத் தெரிவாள்.

துணியாக வெட்டி வாங்குவதைவிடச் சேலையாக வாங்குங்கள். ஐந்தரை மீட்டர் சேலை ஒன்றில் சராசரி உயரமுள்ள இரண்டு பேருக்கு நீள அங்கி வரும். இன்னொரு லாபமும் உண்டு. சேலையின் நீளவாக்கில் வெட்டினால் இரண்டு பக்கக் கரையும் அங்கியின் முன்பக்கத் திறப்பில் வந்து உட்காரும். தனியாக லேஸ் வைக்க வேண்டியதில்லை, பார்க்கவும் நம் ஊர் உடுப்பாக இருக்கும். இதைத் தையற்காரரிடம் வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். முந்தானை இரண்டாவது அங்கியில் எங்கே விழுகிறது என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அதை முதுகில் வைத்துத் தந்தார், அழகாக இருந்தது.

விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிப் பக்கம் சேலைக் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. பல காலம் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்து தைத்தவர்களைத் தேடிப் போகிறவர்கள், அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டதை நினைவில் வையுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் மாசி வீதிகளில் ஆட்டோகூட நுழையாது, அப்போது இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். சிறு கடைகளில் வெளிநாட்டு அட்டை செல்லும் என்று நம்பிப் போகாதீர்கள், ரொக்கம் வேண்டும்.

எப்போது தைக்கக் கொடுப்பது? தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் பெரும்பாலான தையற்கடைகளில் புது வேலை எடுக்கமாட்டார்கள். பொங்கலுக்கு முன்பும் அதே நிலைதான். ஆடியில் கல்யாணம் இல்லாததால் ஜாக்கெட் வேலை குறைந்திருக்கும். பிள்ளைகளின் கோடை விடுமுறையில் ஜூலை மாதம் வெளிநாட்டிலிருந்து வந்து ஆவணி முகூர்த்தத்துக்குத் தயாராகிறவர்களுக்கு அது தோதான நேரம். ஆடித் தள்ளுபடியும் அப்போதுதான். எப்படிப் பார்த்தாலும் கல்யாணத்துக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பு துணி தையற்காரர் கைக்குப் போய்விட வேண்டும்.

அதற்கு முன் சாயத்தைப் பாருங்கள். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையைத் துணிமேல் வைத்து அழுத்தினால் சாயம் இறங்குமா என்று தெரிந்துவிடும். அரக்கும் கரும்பச்சையும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். சேலைகளை நிறம் நிறமாகப் பிரித்து, தண்ணீர் தெளியும்வரை அலசி நிழலில் காயப்போட்டு, பிறகே வெட்டக் கொடுங்கள். பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கும் என்பதால் இதைத் தவிர்க்கவே முடியாது. வியர்வையில் சாயம் இறங்கி, உள்ளே போட்டிருக்கும் வெளிர்நிற முகூர்த்த ஜாக்கெட்டில் ஒட்டினால் அதற்கு மருந்தே கிடையாது.

உள்ளே ஜாக்கெட் என்று சொன்னேன், நம் கல்யாணத்துக்கு இந்த அங்கி வேண்டியதற்கே அதுதான் காரணம். பாவாடையும் ஜாக்கெட்டும் போட்டு, மேலே அங்கி கட்டி, சடை பின்னிப் பூ வைத்து முகமும் முடிந்த பிறகு, தலைவழியாக எதையும் கழற்றாமல் முன்பக்கம் அவிழ்த்துவிட்டு நேராகப் புடவைக்குப் போகலாம். எனவே ஆரி வேலை செய்த கனமான ஜாக்கெட்டின் மேல் தாராளமாக உட்காரும்படி மார்புச் சுற்றளவைவிட எட்டு அங்குலம் கூட வைக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களின் அளவு சரியாக வராவிட்டாலும் இந்தத் தாராளம் காப்பாற்றிவிடும். மார்பு, தோள், கை நீளம், உயரம் நான்கையும் அங்குலத்தில் எழுதி அனுப்பினால் போதும்.

இடுப்புக் கயிற்றைப் பின்பக்கம் இரண்டு தையல் போட்டுப் பிடித்துவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் காலைப் பரபரப்பில் கயிறு ஒரு பக்கம் அங்கி ஒரு பக்கம் கிடக்கும். உட்புறம் ஒரு சிறு முடிகயிறு, வலப்பக்கம் ஒரு பை. பையில் ஊக்குகளும் போனும் இருக்கும்.

பெயர் பொறிப்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். பெயரைத் தமிழிலேயே போடுங்கள், மிகவும் அழகாக இருக்கும். ஆனால் தட்டச்சு செய்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பாதீர்கள். கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக் கடைகளில் சில மென்பொருள்கள் தமிழ் எழுத்தை உடைத்துவிடும். எங்கள் கோமதியின் கொம்பு ககரத்தைவிட்டு நகர்ந்து காலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. பெயரைப் படமாக அனுப்புங்கள், துண்டுத் துணியில் ஒன்று போட்டுக் காட்டச் சொல்லி, தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்த பிறகே மற்றவற்றுக்குச் சம்மதம் சொல்லுங்கள். எழுத்து ஒரு அங்குல உயரத்துக்குக் குறைந்தால் ணகரச் சுழியும் மேற்புள்ளியும் நூலில் அடைந்துபோகும். துணியை வெட்டியதும், தைப்பதற்கு முன் எம்பிராய்டரிக்குப் போக வேண்டும். மெல்லிய பருத்தி சுருங்காமலிருக்க அடியில் தாள் வைத்துப் போடச் சொல்லுங்கள்.

முதுகில் பெரிதாகப் போடுவதைப் பலர் விரும்புவார்கள். மணப்பெண்ணின் சடையும் பூவும் அதை முழுக்க மறைத்துவிடும். இடது நெஞ்சுப் பக்கம் அல்லது கைமுனையில் போடுங்கள்.

பெயருக்குப் பதிலாக உறவைப் போடலாமே என்று எங்கள் பெரியம்மா சொன்னார். மணமகள், அம்மா, அத்தை, சித்தி, அண்ணி, நாத்தனார். அங்கிகள் வந்து சேர்ந்ததும் எல்லாரும் தங்கள் உறவைத் தேடி எடுத்துக்கொண்டதைப் பார்க்க வேண்டும், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாத்தனாரை மறந்துவிடாதீர்கள். தாலியின் மீதி முடிச்சுகளைப் போடப்போகிறவள் அவள். மாப்பிள்ளை வீட்டில் அளவு கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டால் மனத்தாங்கல் வரும்.

நிறத்தைப் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வெள்ளையும் கறுப்பும் கல்யாணக் காலையில் வேண்டாம் என்பது பல வீடுகளில் உண்டு, மஞ்சளும் குங்குமமும் படும் இடத்தில் வெள்ளை நிற்கவும் நிற்காது. நலுங்குக்கு இந்த அங்கியைப் போடவே வேண்டாம், அதற்குப் பழைய பருத்திச் சேலை இருக்கிறது.

எழுத்து எதுவும் இல்லாமல் இரண்டு அங்கி கூடுதலாகத் தைத்து வையுங்கள். எங்கள் கல்யாணத்தில் முதல் நாள் இரவு சொல்லாமல் வந்து இறங்கிய அத்தை மகளுக்கு ஒன்று போனது. மற்றொன்றை, விடியற்காலை நான்கு மணியிலிருந்து நின்றுகொண்டே தலை அலங்காரம் செய்த அக்காவுக்குக் கொடுத்தோம்.