வீட்டுச் சுவரில் ஓவியம்: எங்கே தவறுகிறோம்?

புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் பலர் சோபா, திரைச்சீலை எல்லாம் வாங்கி முடித்த பிறகுதான் ஓவியம் தேடுகிறார்கள். "இந்த நிறம் சோபாவுக்குப் பொருந்துமா?" என்று கேட்டு வாங்குகிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. சோபா உறையைச் சில வருடங்களில் மாற்றிவிடுவோம். ஓவியம் தினமும் கண்ணில் படப்போகிற ஒன்று. முதல் வாரம் கவனிக்காத ஒரு கோட்டை ஆறு மாதம் கழித்துப் பார்த்து நின்றுவிடுவோம். குழந்தைகள் அதைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள். அதனால் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றுகிற ஓவியத்தை வாங்குங்கள். சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை.

இதற்குப் பெரிய பணம் வேண்டும் என்று நினைப்பதும் தவறுதான். சென்னையில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியிலோ, 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியில் உருவான சோழமண்டல ஓவியர் கிராமத்திலோ ஒரு மாலை சுற்றிப் பாருங்கள். வாங்காவிட்டாலும் எது பிடிக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடும்.

சரி, வாங்கியாயிற்று. எங்கே மாட்டுவது? நம் பழைய வீடுகளில் சாமி படத்தையும் தாத்தா பாட்டி படத்தையும் நிலைக்கு மேலே, சற்றே முன்சாய்த்து மாட்டுவார்கள். அது மரியாதைக்காக. அதே பழக்கத்தில் ஓவியத்தையும் உயரத்தில் மாட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் ஐந்தடி உயரத்தில் இருந்தால் நிற்பவர் கண்ணுக்கு நேராக வரும். உட்கார்ந்தே பார்க்கும் அறை என்றால் இன்னும் கொஞ்சம் இறக்கலாம்.

உண்மையில் ஓவியங்களைக் கொல்வது வெயிலும் ஈரமும்தான். ஜன்னல் வெயில் நேராக விழும் சுவரில் நீர்வண்ணமோ கலம்காரித் துணியோ இருந்தால் நிறம் வெளுக்கும். வெளுத்தது திரும்பாது. காகிதத்துக்கும் துணிக்கும் அருங்காட்சியகங்கள் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சமே போதும் என்று வைத்திருக்கின்றன. நம் ஜன்னலோரம் அதைப் பல மடங்கு தாண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரும் வேண்டாம். வேறு இடமே இல்லையென்றால் ஃபிரேமின் பின்பக்கக் கீழ்மூலைகளில் சிறு கார்க் துண்டுகளை ஒட்டுங்கள், பின்னால் காற்று போகும்.

தஞ்சாவூர் ஓவியத்துக்குக் கூடுதல் கவனம் வேண்டும். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசி, அதன்மேல் கல் பதித்துத் தங்க ரேக் ஒட்டுகிறார்கள். ஈரம் பட்டால் அந்தப் பூச்சு உப்பி விரிசல் விடும். பலகையைக் கரையான் அரிக்கும். இவ்வளவு உழைப்பில் உருவானதைப் பூஜை அறையில் விளக்குக்கு நேர் மேலே மாட்டி, கற்பூரப் புகை படிய விடுவது எனக்குப் பெரிய வருத்தம். விளக்கைச் சற்றுத் தள்ளி வையுங்கள். கண்ணாடியைத் துடைக்கும்போது துணியில் தண்ணீர் சொட்டக் கூடாது, விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும்.

அப்புறம் ஃபிரேம் கடை. காகித ஓவியம் கண்ணாடியில் ஒட்டியபடி இருந்தால் ஈரத்தில் அப்படியே பிடித்துக்கொள்ளும். நடுவில் மவுண்ட், அதாவது ஓவியத்தைச் சுற்றி வரும் அட்டைச் சட்டம், வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். பின்னால் சாதாரண அட்டையை வைத்தால் அதிலுள்ள அமிலம் காகிதத்தைப் பழுப்பாக்கும், அமிலமில்லாத அட்டையைக் கேட்டு வாங்குங்கள். ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் இன்னும் சில வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. பழைய காலண்டர் என்று எறிந்துவிடாதீர்கள். புது ஃபிரேமுக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டவும் விடாதீர்கள். அச்சகத்தின் பெயர் பெரும்பாலும் அந்தக் கீழ் ஓரத்தில்தான் இருக்கும்.

இன்னொன்றையும் பலர் விட்டுவிடுகிறார்கள். யார் வரைந்தது, எந்த வருடம், எங்கே வாங்கினோம் என்பதை ஒரு தாளில் எழுதி ஃபிரேமின் பின்பலகையில் ஒட்டி வையுங்கள். ஓவியக் காகிதத்தின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுத வேண்டாம், அழுத்தமும் மையும் முன்பக்கம் தெரியும்.