"வெறும் மசக்கைதானே" என்கிறவர்களிடம் எப்படிப் பேசுவது?

நான் கிராம சுகாதாரச் செவிலியர். கர்ப்பிணிகள் சிலருக்கு, சாதாரண மசக்கையைத் தாண்டி, எதுவுமே தங்காத அளவுக்குக் கடும் வாந்தி வரும்; அது ஒரு நோய். அதையும் ஊரில் "வெறும் மசக்கைதானே" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வேலைக்குப் புதிதாக வரும் தங்கைகளுக்கும், ஊரில் நாலு பேரிடம் இதை எடுத்துச் சொல்ல நினைப்பவர்களுக்கும் இது.

வளைகாப்பில் போய்ப் பேசாதீர்கள். கடும் வாந்தி பெரும்பாலும் இரண்டாம் மாதமே தொடங்கிவிடும்; ஏழாம் மாதம் சொல்லி என்ன பயன்? சுய உதவிக் குழுக் கூட்டம், நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரை, இவைதான் சரியான இடம். அங்கே மாமியார்களும் இருப்பார்கள்.

"நானும் நாலு பெத்தவதான், வாந்தி எடுத்துக்கிட்டே களை பறிச்சேன்" என்று ஒரு அம்மா கட்டாயம் சொல்வார். மறுத்துப் பேசாதீர்கள். "உங்களுக்கு வந்தது மசக்கை. வாந்தி எடுத்தாலும் கொஞ்சம் கஞ்சி உள்ளே தங்கியிருக்கும். இவளுக்குத் தண்ணீரே தங்கவில்லையே அம்மா" என்று சொல்லுங்கள். அப்புறம் கர்ப்பிணியின் அட்டையைப் பிரித்து எடையைக் காட்டுங்கள். ஐம்பது கிலோ இருந்தவள் இரண்டரை கிலோ இறங்கியிருந்தால் அது நோய். எண்ணைப் பார்த்தால் யாரும் வாதாடுவதில்லை.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு நாள் முழுக்க எதுவும் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை அல்லது டிக்காஷன் நிறத்தில் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, வாந்தியில் ரத்தம். இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. வண்டி இல்லையென்றால் 108.

கணவர்களிடம் காரணத்தைச் சொல்லுங்கள். கருவிலிருந்தும் நஞ்சுக்கொடியிலிருந்தும் வரும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனுக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று 2023இல் வந்த ஆய்வு காட்டியது. அவள் வேலைக்குப் பயந்து படுத்திருக்கவில்லை. இங்கிலாந்து இளவரசர் வில்லியமின் மனைவி கேட் மிடில்டனையே 2012இல் இதற்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்றால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

மாத்திரை என்றாலே பயப்படுவார்கள். டாக்ஸிலமினும் பி6 வைட்டமினும் சேர்ந்த மாத்திரை பல்லாண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துவருவதுதான். டாக்டர் எழுதித் தந்தால் தயங்காமல் போடலாம். மெடிக்கலில் தாமாக வாங்க வேண்டாம். இஞ்சி லேசான குமட்டலுக்குச் சரி, இதற்குப் போதாது.

நான் அதிகம் வலியுறுத்துவது குளுக்கோஸ் பாட்டில் விஷயத்தை. "ஒரு பாட்டில் ஏத்தினா தெம்பு வந்துடும்" என்று பக்கத்துக் கிளினிக்கில் கேட்டு வாங்குகிறார்கள். வாரக்கணக்கில் சாப்பிடாத உடம்பில் பி1 வைட்டமின் தீர்ந்திருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை ஏற்றினால் மூளை பாதிக்கலாம்: பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். அதனால் கூடப் போகிறவர் டாக்டரிடம் முதலில், "இத்தனை வாரமாகச் சோறு தங்கவில்லை" என்று சொல்லட்டும்.

பனியன் கம்பெனி மாதிரி இடங்களுக்குப் போகும் பெண் என்றால் டாக்டர் சான்றிதழை மறக்காமல் வாங்கச் சொல்லுங்கள். கர்ப்பத்தால் வரும் நோய்க்கு, பிரசவ விடுப்பு போக, சம்பளத்தோடு ஒரு மாதம் வரை விடுப்பு 1961ஆம் ஆண்டு மகப்பேறு சலுகைச் சட்டத்திலேயே இருந்தது; அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. சூப்பர்வைசர் அதைத் தானாகச் சொல்லமாட்டார்.