பத்தாம் வகுப்புக்கு அடிப்படை உரிமைகள்: ஒரே ஒரு வழக்கை வைத்துப் பாடம் நடத்துவது எப்படி?

ஆறு அடிப்படை உரிமைகளையும் கரும்பலகையில் எழுதிப் போட்டால், பிள்ளைகள் இரண்டு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்துகொள்வார்கள். அதனால் நான் பட்டியலைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு வழக்கோடு ஆரம்பிக்கிறேன். இரண்டு பாடவேளை போதும்.

1. கதையைச் சொல்லுங்கள், தீர்ப்பைச் சொல்லாதீர்கள்

1985, கேரளம். ஒரு அண்ணன், இரண்டு தங்கைகள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். பள்ளியில் தேசிய கீதம் ஒலிக்கும்போது மூவரும் மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் பாட மாட்டார்கள். தங்கள் நம்பிக்கை அதற்கு இடம் தரவில்லை என்றார்கள். பள்ளி அவர்களை வெளியேற்றியது. உயர் நீதிமன்றத்திலும் தோற்றார்கள்.

இங்கே நிறுத்திவிடுங்கள்.

2. பக்கம் பிரித்து நிற்கவையுங்கள்

பள்ளி செய்தது சரி என்பவர்கள் ஜன்னல் பக்கம், தவறு என்பவர்கள் கதவுப் பக்கம். காரணத்தை ஒரு வரியில் நோட்டில் எழுதட்டும். உங்கள் கருத்தை முகத்தில்கூடக் காட்ட வேண்டாம். ஒரு பக்கம் இரண்டே பேர் நின்றால், முதலில் அவர்களைப் பேசவிடுங்கள், யாரும் குறுக்கே பேசாமல். இந்தப் பாடத்தில் நான் மிகவும் கவனமாக இருக்கும் இடம் இதுதான். அந்த இருவர் பயமில்லாமல் பேசி முடித்தாலே பாதிப் பாடம் நடந்துவிட்டது.

3. சட்டத்தைக் கையில் கொடுங்கள்

ஐந்து பேருக்கு ஒரு தாள். அதில் அரசியலமைப்பின் பிரிவு 19(1)(அ) (பேச்சுரிமை), 19(2) (அந்த உரிமைக்கு விதிக்கக்கூடிய கட்டுப்பாடுகள்), 25(1) (மதச் சுதந்திரம்) மட்டும். விளக்கம் சொல்லாமல் கேள்வி கேளுங்கள். பேச்சுரிமை என்றால் பேசாமல் இருக்கும் உரிமையும் அதில் சேருமா? அதை அரசு கட்டுப்படுத்த என்ன வேண்டும்? 19(2)-இல் 'சட்டம்' என்ற சொல்லை அவர்களே தேடி அடிக்கோடிடட்டும்.

அப்புறம் இந்தத் தகவலைக் கொடுங்கள்: தேசிய கீதத்தைப் பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கல்வித்துறையின் சுற்றறிக்கைதான் இருந்தது. தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம்கூட, பிறர் பாடுவதைத் தடுப்பதையும் பாடும் கூட்டத்துக்கு இடையூறு செய்வதையும்தான் குற்றம் என்கிறது.

4. இடம் மாற விரும்புகிறவர்கள் மாறட்டும்

எந்தச் சொல் தங்களை மாற்றியது என்று மட்டும் சொல்லட்டும்.

5. இப்போது தீர்ப்பு

1986 ஆகஸ்டில் 'பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு' வழக்கில் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. எழுந்து நின்றதே மரியாதைதான், பாடாதது அவமதிப்பு ஆகாது என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சின்னப்ப ரெட்டி. சகிப்புத்தன்மை பற்றிய அதன் கடைசி வரிகளை ஒரு மாணவரை விட்டு உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

6. வீட்டுப்பாடம்

தங்களைக் கட்டுப்படுத்தும் ஏதாவது ஒரு விதி. அதைப் போட்டது யார், என்ன காரணம், எந்த உரிமையைத் தொடுகிறது? பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அப்போதுதான் உண்மை வரும். போன முறை ஒரு தாளில் இப்படி இருந்தது: "விடுதியில் பையன்களுக்கு எட்டு மணி வரை, எங்களுக்கு மட்டும் ஏன் ஆறு மணி?" பாலினம் போன்ற காரணங்களால் பாகுபாடு காட்டக் கூடாது என்கிற பிரிவு 15-ஐ அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினோம்.