விட்டுப்போன நடைக்கு வட்டி கட்டாதீர்கள்

குன்னூரில் நாலு நாள் விடாமல் மழை. தினமும் அரை மணி நேரம் நடப்பவர் வீட்டிலேயே முடங்கிக் கிடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வெயில் தலைகாட்டியதும், விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கிற வேகத்தில் சிம்ஸ் பூங்காவிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை இறங்கி, மறுபடி ஏறி, இன்னொரு சுற்றும் போய் இரண்டு மணி நேரத்தை முடிக்கிறார். அன்று சாயங்காலம் மனசு லேசாக இருக்கும். திங்கட்கிழமை தொடை கனக்கும். செவ்வாய்க்கிழமை நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கை ஊன்ற வேண்டியிருக்கும். புதன்கிழமை நடை மறுபடி நின்றுபோகும்.

மலையில் இந்தத் தவறு சமவெளியை விடக் கடுமையாகத் தண்டிக்கும். காரணம் ஏற்றம் இல்லை, இறக்கம். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. பழக்கத்துக்கு மீறி இறங்கினால் தசையில் அப்போது நுண்ணிய சேதம் உண்டாகும். அந்த வலி 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும், முதல் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் இடையில் உச்சத்துக்குப் போகும். போதாக்குறைக்குத் தசை தேறுகிற வேகத்தில், தசையை எலும்போடு கட்டும் தசைநாண் தேறாது. குதிகால் வலியும் முட்டி வலியும் பல பேருக்கு இப்படித்தான் தொடங்குகின்றன. வழக்கத்துக்கு மீறிய உழைப்புக்குப் பிறகு சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் அது வெறும் உடம்பு வலி இல்லை, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

விட்ட நாளை ஈடுகட்டவே கூடாது என்பதுதான் சரியான கணக்கு. இரண்டு மூன்று நாள் விட்டிருந்தால் அதே அரை மணி நேரத்தோடு தொடருங்கள். ஒரு வாரம் விட்டிருந்தால் முதல் நாள் 20 நிமிடம் போதும். மூன்று வாரம் ஆகியிருந்தால் பாதியில் தொடங்கி, இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு வாருங்கள். அந்த முதல் சில நாட்கள் மேட்டை நடந்து ஏறிவிட்டு இறக்கத்துக்கு பஸ் பிடியுங்கள். நுரையீரலுக்கு வேலை கிடைக்கும், தொடையும் தப்பிக்கும்.

"எல்லாம் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்கணும்" என்று நினைப்பது அடுத்த தவறு. நாலைந்து நாளில் எதுவும் போய்விடாது. மூச்சுத் தெம்பு கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும், தசை வலு அதையும் தாண்டி நிற்கும். கோயம்புத்தூரில் கல்யாணம், காதுகுத்து என்று பத்து நாள் இருந்துவிட்டு மேலே வருகிறவர்கள் தங்களைத் திட்டிக்கொள்வதில் இன்னொரு பிசகும் உண்டு. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் நாலில் ஒரு பங்கு குறைவு. வந்த இரண்டு மூன்று நாள் மேட்டில் மூச்சு கூடுதலாக வாங்கினால் அதைச் சோம்பேறித்தனத்தின் கணக்கில் எழுத வேண்டாம். அதற்குப் பிறகும் குறையவில்லை என்றாலோ, நெஞ்சை அழுத்தினாலோ டாக்டரைப் பாருங்கள்.

நாளை எண்ணாதீர்கள், வாரத்தை எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்குக் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாள் தசைக்கு வலு தரும் பயிற்சி. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் சேர்த்தி என்ற பழைய நிபந்தனையையும் அது எடுத்துவிட்டது. மூச்சு வாங்கப் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரை ஏழு நிமிடம் ஏறுவதும் கணக்கில் வரும். கொடைக்கானல் ஏரியை ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். வாரத்தில் மூன்று நாள் வானம் விட்டுக்கொடுத்தாலே 150 தாண்டிவிடும்.

பகல் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறித்து, மூட்டையைத் தூக்கி எடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு லைன் வீட்டுக்குத் திரும்பும் பெண்ணிடம் "தினமும் வாக்கிங் போங்கம்மா" என்று சொல்வது, எங்களைக் கேட்டால், யோசிக்காமல் சொல்லும் அறிவுரை. வேலையில் செய்யும் உழைப்பும் இந்தக் கணக்கில் உண்டு. அவருக்குத் தேவை தோளுக்கும் இடுப்புக்கும் ஐந்து நிமிட நீட்சிப் பயிற்சியும் நல்ல தூக்கமும்தான்.

நடக்காத நாளில் சாப்பாட்டைக் குறைத்துப் பிராயச்சித்தம் செய்வதும் வேண்டாம். டீயோடு இரண்டு வர்க்கி போனது போனதுதான். ராத்திரி பட்டினி கிடந்தால் மறுநாள் மேட்டில் கண்ணைக் கட்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இது ஆபத்தாகவே முடியலாம்.

இதற்கு நேர் எதிரான தவறு, வெளியே போகவே கூடாத நாளில் குற்ற உணர்ச்சிக்காகக் கிளம்புவது. காய்ச்சலோ உடம்பு வலியோ இருந்தால் ஓய்வுதான். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் குளிர்காற்று ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாயைச் சுருக்கும், ரத்தக் கொதிப்பையும் ஏற்றும். எட்டரை மணிக்கு மேல் போனால் போதும், மப்ளரை வாயை மூடிக் கட்டினால் உள்ளே போகும் காற்று சற்றுச் சூடாகும். தேயிலைத் தோட்ட ஓரத்தில் இருட்டு பிரியும் முன் காட்டு மாடு நிற்கும், கரடியும் வரும். அதற்குப் பயந்து திரும்பி வந்தவரைக் கோழை என்று யாரும் சொல்லப்போவதில்லை.

அந்த மாதிரி நாளுக்கு வீட்டுக்குள் 12 நிமிடம் ஒதுக்கலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து முறை, குதிகாலைத் தூக்கி இறக்குவது பதினைந்து முறை, வாசல்படியில் ஒரு நிமிடம் ஏறி இறங்குவது. இப்படி மூன்று சுற்று. நடப்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் தசை வலுப் பயிற்சி இதில் சேர்ந்தே வந்துவிடும்.

போனில் நடையைக் கணக்கு வைக்கும் ஆப்பில் தொடர் நாள் எண்ணிக்கை அறுந்து பூஜ்யம் ஆனதும் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரை வைத்துப் பார்த்ததில், ஒரு செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் விட்டது பழக்கத்தைக் குறிப்பிடும்படி கெடுக்கவில்லை.

போனுக்குப் பதிலாகச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் நல்லது. நடந்த நாளுக்கு நிமிடத்தை எழுதுங்கள், விட்ட நாளுக்குக் காரணத்தை எழுதுங்கள்: மழைக்கு 'ம', காய்ச்சலுக்கு 'கா', மாட்டுக்கு 'மா', சோம்பலுக்கு 'சோ'. கிழித்த தாளை ஒரு கிளிப்பில் சேர்த்து வையுங்கள். மாதம் முடிந்து பார்க்கும்போது 'சோ' நினைத்ததை விடக் குறைவாகவே இருக்கும். அது ஒரே கிழமையில் திரும்பத் திரும்ப விழுந்தால், சந்தைக்குப் போய் வரும் நாளா, நைட் ஷிஃப்ட் முடியும் நாளா என்று பாருங்கள். அந்தக் கிழமையைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டு, மற்ற நாட்களில் ஐந்தைந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.