பெண் பார்க்கும் முன் குடும்பப் படம் வரைவது எப்படி

வேலூர், குடியாத்தம், ஆரணிப் பக்கமெல்லாம் அக்கா மகளைக் கட்டுவதும் அத்தை மகனுக்குக் கொடுப்பதும் இன்னும் நடக்கிறது. ஜாதகத்துக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இதற்கும் கொடுங்கள்: பரம்பரை நோய் ஏதும் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு வெள்ளைத்தாளில் குடும்பத்தை வரையுங்கள்.

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் இருந்தவரைக் கறுப்படித்துவிடுங்கள். கணவன் மனைவிக்கு நடுவில் ஒரு கோடு, அவர்கள் சொந்தமென்றால் இரட்டைக் கோடு, கீழே பிள்ளைகள். மூன்று தலைமுறையாவது வேண்டும். பாட்டியிடம் ‘நம்ம குடும்பத்தில் நோய் உண்டா’ என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார், அதனால் சின்ன வயதில் தவறின குழந்தை உண்டா, காது கேட்காதவர் யார், அடிபட்டால் ரத்தம் நிற்காத பையன் இருந்தானா, யாருக்காவது மாதாமாதம் ரத்தம் ஏற்றினார்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கலைந்த கருக்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, இதை எப்படிப் படிப்பது? பெரும்பாலான மரபணுக்கள் நமக்கு இரண்டு பிரதியாக வருகின்றன, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி பழுதானாலே வரும் நோய், படத்தில் பெரும்பாலும் தலைமுறை தோறும் இறங்கி வரும். இரண்டும் பழுதானால் மட்டும் வரும் தலசீமியா (மாதாமாதம் ரத்தம் ஏற்ற வைக்கும் ரத்த நோய்) போன்றவை, முன்னோர் யாருக்கும் இல்லாமல் திடீரென்று ஒரே வீட்டுப் பிள்ளைகளிடம் தெரியும், ஏனென்றால் அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு பழுதோடு நன்றாகவே நடமாடியிருப்பார்கள். அப்படிப்பட்ட ஜோடிக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை என்பது தவறான கணக்கு, ஒவ்வொரு தடவையும் அதே 25தான். இதில் மருமகளை மட்டும் பழிப்பது அநியாயம், பாதி உங்கள் மகனிடமிருந்து வந்தது.

பையன்களுக்கு மட்டும் வந்து, தாய்மாமனுக்கும் இருந்தால் எக்ஸ் குரோமோசோமைச் சந்தேகியுங்கள்; மரபணுக்களைச் சுமக்கும் இந்த இழை பெண்ணுக்கு இரண்டு, ஆணுக்கு அம்மாவிடமிருந்து வரும் ஒன்றுதான். அடிபட்டால் ரத்தம் நிற்காத ஹீமோஃபிலியா அப்படித்தான். தனக்கு நோயில்லாமல் பழுதைக் கடத்தும் தாயின் ஒவ்வொரு மகனுக்கும் 50 சதவீத வாய்ப்பு. நோயுள்ள அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாது, ஆனால் மகள்கள் அத்தனை பேரும் அந்தப் பழுதை வாங்கிக்கொள்வார்கள்.

அப்புறம் சொந்தம். தாய்மாமனும் அக்கா மகளும் சராசரியாக நாலில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்ந்திருப்பார்கள், அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கு. ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. அதற்காகச் சொந்தத்தில் கட்டினாலே குழந்தை குறையோடு பிறக்கும் என்று பயமுறுத்தாதீர்கள், பெரும்பாலான குழந்தைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன.

படத்தில் கறுப்பே இல்லாவிட்டாலும் தலசீமியாவுக்கான ஹெச்பி ஏ2 ரத்தப் பரிசோதனையை மணமகன், மணமகள் இருவருமே செய்துகொள்வது நல்லது. வெறும் ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பவர் கட்டாயம் செய்யுங்கள். கறுப்பு இருந்தால் தாளோடு பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு மரபியல் ஆலோசனைக்குப் போங்கள், நமக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. நோயுள்ளவர் உயிரோடு இருந்தால் அவரையும் கூட்டிப்போங்கள், பழுது எந்த மரபணுவில் என்று முதலில் அவர் ரத்தத்தில்தான் தேடுவார்கள்.