யார் சொன்னதை முகத்தில் பூசுவது?

விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த அக்கா மகளின் முகம் பளிச்சென்று இருந்தது. என்ன பூசுகிறாய் என்று வீடே அவளைச் சூழ்ந்துகொண்டது. பையிலிருந்து ஒரு சின்ன ட்யூபை எடுத்துக் காட்டினாள். அறைத்தோழி சொன்னாளாம், மருந்துக் கடையில் கேட்டதும் கொடுத்துவிட்டார்களாம். ட்யூபின் இடது மேல் மூலையில் 'ஆர்எக்ஸ்' என்ற குறி இருந்தது. கீழே, கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவேண்டிய எழுத்தில், மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கை. உள்ளே இருப்பவை மொமெட்டசோன், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின். முதலாவது ஸ்டீராய்டு. மங்கு வந்தவர்களுக்கு மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருகிற கலவை இது.

அழகுக் குறிப்பு சொல்பவருக்கு அதில் லாபம் உண்டா என்று மட்டும் பார்த்துவிட்டு நம்புவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. அந்தத் தோழிக்கு ஒரு பைசா கமிஷன் கிடையாது. பொய்யும் சொல்லவில்லை. பூச ஆரம்பித்த இரண்டாவது வாரத்தில் சொன்னாள், அவ்வளவுதான். ஸ்டீராய்டு இரத்தக் குழாய்களைச் சுருக்கும், அழற்சியை அடக்கும். அதனால் முகம் உடனே தெளிகிறது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து சிவக்கும், பருக்கள் கிளம்பும், கன்னத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி பூசுவார்கள். 2018இல் ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டு கட்டாயமான பட்டியலில் மத்திய அரசு சேர்த்துவிட்டது. அந்தச் செய்தி எல்லாக் கல்லாப்பெட்டிக்கும் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. ஆகவே ஒரு க்ரீமை யாராவது புகழ்ந்தால், எத்தனை நாளாகப் பூசுகிறீர்கள் என்று கேளுங்கள். பெயரே போடாத டப்பா என்றால் கேள்வியும் வேண்டாம், தொடவும் வேண்டாம். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகப் பாதிப்போடு வந்த சிலரை மருத்துவர்கள் துருவி விசாரித்தபோது, கடைசியில் சிவப்பழகு க்ரீம்களில் இருந்த பாதரசத்தில்தான் போய் நின்றது.

லாபத்தோடு பேசுகிறவர்களைக் கண்டுபிடிப்பது உண்மையில் எளிது. சமூக ஊடகத்தில் பொருளைப் பரிந்துரைப்பவர் பணம் வாங்கியிருந்தாலும், இலவசமாகப் பொருளோ பயணமோ பெற்றிருந்தாலும் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. காணொளிக்குக் கீழே தள்ளுபடிக் குறியீடு இருந்தால் அவர் விற்பனையாளர். அதில் குற்றமில்லை, ஆனால் கடைக்காரரிடம் எந்த அளவுக்கு யோசனை கேட்போமோ, அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். 'இலவசத் தோல் பரிசோதனை'யும் அப்படித்தான். உருப்பெருக்கி விளக்கை முகத்துக்கு நேரே பிடித்தால் யாருடைய மூக்கும் கிணறு கிணறாகத்தான் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்து மிரண்டவரிடம் ஆறு தவணை ஃபேஷியல் விற்பது சுலபம்.

சமையலறைக் குறிப்பு என்றால் பாதகமில்லை என்று நினைப்பதும் தவறு. எலுமிச்சைச் சாறு பூசிய முகத்தோடு வெயிலில் போனால் தோல் வெந்து கருந்திட்டு விழலாம். சமையல் சோடாவோ காரம். நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலம். இரண்டும் ஒத்துப்போகாது. சோடா பூசுவதைப் பாட்டி வைத்தியம் என்று வேறு சொல்கிறார்கள். எந்தப் பாட்டி முகத்தில் சோடா மாவு தேய்த்தாள்?

மருத்துவரைத் தேடும்போதும் பலகையைப் படிக்க வேண்டும். 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்ற சொல் மட்டும் இருந்தால் அது குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்பாகவும் இருக்கலாம். எம்.டி., டி.வி.எல். என்றால் தோல் மருத்துவத்தில் மேற்படிப்பு. அவர்களிலும் சிலர் தங்கள் மருந்தகத்தில் மட்டும் கிடைக்கிற பொருளை எழுதித் தருவதுண்டு. அப்போது மூலப்பொருளின் பெயரையும் அளவையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே அதே பொருள் பாதி விலையில் கிடைக்கக்கூடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் காத்திருக்கத்தான் வேண்டும், ஆனால் அங்கே இருப்பவருக்கு உங்களிடம் விற்க எதுவும் இல்லை.

இன்னொரு தவறு நம் கேள்வியிலேயே இருக்கிறது. "எந்த க்ரீம் நல்லது?" என்று தொடங்கினால் பதிலும் க்ரீமாகத்தான் வரும். மதியத்துக்குள் நெற்றி எண்ணெய் வழிகிறது, சோப்பு போட்டால் கன்னம் இழுக்கிறது, மாதவிலக்குக்கு முன் தாடையில் பரு வருகிறது என்று சொல்லிப் பாருங்கள். விஷயம் தெரிந்தவர் பதிலுக்கு நாலு கேள்வி கேட்பார். தெரியாதவர் பொருளின் பெயரைச் சொல்வார். நிறம் குறைவு என்பதையே நோயாகச் சொல்லிக் கேட்டால் யாரிடமும் நடுநிலையான பதில் வராது. 1975இல் வந்த புகழ்பெற்ற சிவப்பழகு க்ரீமே 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. நாம் எடுத்தபாடில்லை.

அக்கா மகளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். வாசனையில்லாத ஈரப்பத க்ரீம், சன்ஸ்கிரீன் இரண்டைத் தவிர முகத்தில் எதுவும் கூடாது என்று அங்கிருந்த மருத்துவர் அம்மா கண்டிப்பாகச் சொன்னார். ட்யூபை நிறுத்தியதும் கிளம்பிய சிவப்பு அடங்க ஏழு மாதம் ஆயிற்று. இதற்குள் அவள் பேச்சை நம்பி அதே ட்யூபை வாங்கிய மூன்று பேருக்கு அவளே போன் செய்து சொன்னாள். இருவர் நிறுத்திவிட்டார்கள். மூன்றாமவள், "எனக்கு நன்றாகத்தானே இருக்கிறது" என்றாளாம்.